இன்றைக்கு மலையேற முடியாது

அண்ணே,

இன்றைக்கு ஹட்டனில் உன் வாட்சுக்குப் பேட்டரி போட்டுக்கொண்டு வந்தேன். பல மாதமாகச் செத்துக் கிடந்தது. கடைக்காரர் பின்மூடியைத் திருகி எடுத்ததும் உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது பார், உப்பும் ரப்பரும் படகு எண்ணெயும் கலந்த வாசனை. கடைக்கு வெளியே மழை, பக்கத்தில் வடை சுடுகிற புகை. அதையெல்லாம் தாண்டி கடல் வந்து என் மூக்கில் ஏறியது. புது பேட்டரி போட்டதும் வாட்ச் ஒரு சத்தம் போட்டு விழித்துக்கொண்டது. கடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதென்னம்மா வாட்சு, மூலையில ரெண்டு மலையக் காட்டுது? ரிப்பேரா இருக்குமோ?" என்றார். "ரிப்பேரு இல்லைங்க. மலைக்கு வந்தா மலையத்தான் காட்டும்" என்றேன். மனுஷர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பொகவந்தலாவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கையில் கட்டிக்கொண்டேன். கடைசி ஓட்டையில் மாட்டியும் வளையல் மாதிரி முழங்கை வரைக்கும் ஓடுகிறது. அதன் கண்ணாடி மூலையில் முன்பு வேறொரு படம் வரும். சின்னதாக ஒரு பிளேன். அந்தப் பிளேனால்தான் நானும் நீயும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

நீ திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அம்மா என்ன செய்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "பேருலயே மலை இருக்குல்ல, அப்ப குளிருமே" என்று கம்பளியை மடித்துப் பையில் திணித்தாள். அங்கே போய் இறங்கி வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டு நீ போன் பண்ணினாய்: "அம்மா, பேருலதான் மலை. ஊரு தண்ணிக்குச் சமமா கெடக்கு. ஒங் கம்பளியில கருவாடு காயப் போட்ருக்கேன்." ஒரு விடுதிச் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கப் போனவன், அங்கிருந்து படகுக்குப் போனாய், படகிலிருந்து தண்ணீருக்குள் போனாய். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ரெண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு எரித்த சரக்குக் கப்பலை வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலை. அம்மா நம் லயத்து வரிசையில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், "என் மவன் கடலுக்கடியில கங்காணியா இருக்கான்" என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது பெருமைதான்.

அந்த அம்மா ஒரு வியாழக்கிழமை காலையில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே, கூடையோடு சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை. மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். நீ அழுதாய். அழுது முடித்து நீ சொன்னது இதுதான்: "தங்கச்சி, காலையில ரெண்டு தடவ கப்பலுக்கு எறங்கிட்டேன். இன்னைக்கு மலையேற முடியாது. நாளைக்குப் பகலாகணும்."

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா அண்ணே? சாமி ஆடி முடிந்து விலகினால் மலையேறிருச்சு என்போம். விளக்கு அணைந்தால் அணைந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம், மலையேறிருச்சு என்போம். அம்மா தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நான் அதற்குக் கையால் காற்று மறைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ காதுக்குள் மலையேற முடியாது என்கிறாய். எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"ஏன் முடியாது?" என்றேன். "ஆழத்துல இருந்து வந்தா ரத்தத்துல காத்து கரைஞ்சிருக்கும் தங்கச்சி. ஒடனே உசரத்துக்கு வந்தா அது சோடா போத்தலத் தொறந்த மாதிரி பொங்கிரும். வாட்சுல இன்னும் பிளேன் படம் இருக்கு. அது போற வரைக்கும் பறக்கக் கூடாது, மலைக்கும் வரக் கூடாது" என்றாய். நான் கத்தினேன். "நீ என்ன பிளேன்லயா வரப்போற? பஸ்ஸுலதானே வர்ற! பஸ்ஸுல வர்றவனுக்கு என்னடா காத்தும் மண்ணும்?" 'டா' போட்டதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

போனை வைத்துவிட்டேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் வெள்ளி, அதற்கடுத்தது சனி. சனிப் பொணம் தனிப் போகாது, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா மகன்தான் குடம் உடைத்தான், அவன்தான் முதல் பிடி மண்ணைப் போட்டான். நீ வந்து சேர்ந்தபோது ஆறு மணி. மழையில் நனைந்து இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாய். சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் சொன்னேன்: "கடல் தண்ணியக் குடிச்சு ஒன் ரத்தமும் உப்பாப் போச்சு. பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட வரல, இப்ப வாட்ச காட்ட வந்துட்ட." நீ பீலித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, அம்மாவைப் புதைத்த மேட்டுக்குத் தனியாக ஏறிப் போனாய்.

அதற்குப் பிறகு தீபாவளிக்கும் பேசவில்லை, பொங்கலுக்கும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். மூன்றாவது வருஷம் நீயே கூப்பிட்டாய். "ஒரே ஒரு தடவ வந்து எறங்கிப் பாரு. அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு." நான் வந்தது உண்மையில் திட்டுவதற்குத்தான் அண்ணே. பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை இன்னொருத்தியிடமும், என் பன்னிரண்டு வயசு மகளை மாமியாரிடமும் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன கேட்கணும் என்று வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்தால் எங்கே திட்டுவது? இடுப்புக்கு மேல் ஆற்றுத் தண்ணீரைக்கூடக் கண்டதில்லை நான். கையையும் காலையும் உதைத்து உப்புத் தண்ணீரைக் குடித்து, கண் சிவந்து, ஆறு நாள். "தண்ணியோட சண்ட போடாத தங்கச்சி, அது ஒன் மாமியார் இல்ல" என்றாய். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உன் முன்னால் சிரித்தேன். காது வலித்தபோது நீ சொன்னாய்: "கினிகத்தேன எறக்கத்துல பஸ்ஸு வாறப்ப காது அடைக்குமில்ல, எச்சி முழுங்குவோமே? அதேதான் இது. இங்க மூக்கப் புடிச்சிக்கிட்டு ஊது." சரி சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தியவள்தான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் கப்பலுக்குக் கூட்டிப் போனாய். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதலில் ஒன்றுமே இல்லை. மேலே நீலம், கீழே நீலம், என் மூச்சுச் சத்தம், உன் கை. திரும்பிவிடலாமா என்று நினைத்த நேரத்தில், காலைப் பனி விலகி ஸ்டோர்க் கூரை தெரியுமே, அப்படி அடியிலிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. நம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரைவிட நீளம். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. அடேயப்பா! இரும்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு விரல் இடம் விடாமல் பவள முருகைக்கல் மூடியிருந்தது, மஞ்சளும் ஊதாவும் நெருப்புச் சிவப்புமாக. எரிந்து செத்த கப்பல் என்றல்லவா நீ சொன்னாய். இத்தனை உயிர் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சரக்கு அடுக்கிய பெரிய குழிக்குள் டார்ச்சை அடித்துக் காட்டினாய். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது, அடி தெரியவில்லை. உள்ளிருந்து சின்னச் சின்ன மீன்கள் புகை மாதிரி எழும்பி வந்து என் முகத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அப்புறம் மேல்தட்டின் ஓரம். ஒரே வரிசையில் கதவில்லாத வாசல்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து, ஒரே அளவில். லயம் அண்ணே அது! கடலுக்கடியில் ஒரு லயம். ஒவ்வொரு காம்பராவிலும் குடியிருக்கிறார்கள். ஒன்றில் பெரிய களவா மீன் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு வீட்டுக்காரர் மாதிரி நடுவில் நிற்கிறது. அடுத்ததில் பாம்பு மாதிரி ஒரு அஞ்சாளை தலையை மட்டும் நீட்டி யார் வந்தது என்று பார்க்கிறது. மூன்றாவது வாசல்படியில் ஒரு கோப்பை. கைப்பிடி மட்டும் தெரிகிறது, மீதியை முருகைக்கல் தின்றுவிட்டது. தொடாதே என்று விரலை ஆட்டினாய்.

யாரோ அந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அரைக் கோப்பையில் வைத்துவிட்டு எழுந்து ஓடியிருப்பான். அவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா, வாயாடித் தங்கச்சி எல்லாம் இருந்திருப்பார்கள். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. தண்ணீருக்குள் கையைக் குவித்தேன். நீ பார்த்தாய், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். கோயிலில்கூட என் மனசு அப்படி அடங்கியதில்லை. திட்டுவதற்கு அடுக்கி வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட அப்போது எனக்குள் இல்லை.

அந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே பாறை மீன் கூட்டம் வந்தது. ஆயிரமோ ஐயாயிரமோ. ஒரே நேரத்தில் எல்லாம் திரும்பின. வெயில் அதன்மேல் பட்டு, கப்பல் முழுக்க வெள்ளி வெளிச்சம் ஓடியது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. உன்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். பிரமாதம் அண்ணே, என்று.

நீ மாட்டியிருந்த கண்ணாடிக்குள் உன் முகம் மாறியது. ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தாய். என் கையைப் பிடித்தாய், நீயும் கட்டைவிரலைக் காட்டினாய், மேலே கிளம்பிவிட்டாய். நான் தலையை ஆட்டுகிறேன், கையை உதறுகிறேன், நீ விடவில்லை. அவசரமும் படவில்லை. பாதி வழியில் கயிற்றைப் பிடிக்க வைத்து, ரத்தத்தில் ஏறிய காற்று அடங்கட்டும் என்று மூன்று நிமிஷம் அப்படியே நிறுத்தினாய். வாட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். காலுக்குக் கீழே கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேலே வந்ததும் வாயிலிருந்ததைப் பிடுங்கினேன். "எதுக்கு இழுத்துட்டு வந்த? எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"நீதானே மேல போகணும்னு சொன்ன?"

"நானா? எப்ப?"

"கட்டவிரலக் காட்டினியே."

"சூப்பர்னு காட்டினேன்!"

படகில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விரலை வளைத்துக் காட்டினால் நல்லாயிருக்கிறேன், கட்டைவிரல் என்றால் மேலே போகணும், பத்துத் தடவை நீ சொல்லித்தான் வைத்திருந்தாய். சந்தோஷத்தில் அதெல்லாம் தலையில் நின்றால்தானே. "சரி, அதுக்காக என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றேன். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், என்னைக் குத்திக் காட்ட இல்லை: "தண்ணிக்குள்ள ஒருத்தர் முடியலைன்னு சொன்னா காரணம் கேக்கக் கூடாது தங்கச்சி. மொதல்ல நம்பணும். கேள்வியெல்லாம் மேல வந்து கேட்டுக்கலாம்."

கரை வரும் வரைக்கும் கப்பல் கிடந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்து போனைப் பார்த்தால் ஏழு தடவை மாமியார் கூப்பிட்டிருக்கிறார். பயந்துபோய் எடுத்தேன். "எங்கடி போய்த் தொலஞ்ச? ஒம் மக பெரியவளாயிட்டா. ஒடனே கெளம்பி வா. அண்ணனையும் கூட்டிட்டு வா, தாய்மாமன் இல்லாம யாரு குச்சு கட்டுறது?" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பாள், அம்மா எங்கே என்று கேட்டிருப்பாள். இறக்கை இருந்தால் பறந்திருப்பேன். உன்னைப் பார்த்தேன். நீ மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாய். மூலையில் பிளேன்.

"இன்னைக்கு மலையேற முடியாது அத்தை" என்றேன். என் வாய்தான் சொன்னது. உன் சத்தம் மாதிரியே இருந்தது.

"என்னாது? பஸ்ஸு ஓடலியா?"

"பஸ்ஸு ஓடுது அத்தை. நாங்கதான் ஏறக் கூடாது. ஆழத்துக்குப் போயிட்டு வந்துருக்கோம், ரத்தத்துல காத்து இருக்கு. நாளைக்குத்தான்."

"அட பாவி மகளே! பெத்த புள்ள ஒத்தையில ஒக்காந்துருக்கு, நீயும் அந்தக் கடல்காரனோட சேந்து கத கட்டுறியா?"

"கத இல்ல அத்தை. அண்ணே அன்னைக்குச் சொன்னது நெசம். நாந்தான் நம்பல."

நீ வாளித் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாய். கழுவின கண்ணாடியையே திரும்பத் திரும்பக் கழுவினாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

தம்புள்ளை வரைக்கும் போகலாம், அதுவரைக்கும் தாழ்வு, அதற்கு மேல்தான் ஏற்றம் என்றாய். போனோம். அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நிமிஷத்துக்கு ஒருதரம் நான் வாட்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னாய்: "அன்னைக்கும் இதே பெஞ்சுதான்."

"என்னைக்கு?"

"நீ போன வச்சதும் கெளம்பிட்டேன். இங்க வரைக்கும் வந்து எறங்கிக்கிட்டேன். கண்ணு முன்னால பஸ்ஸு போய்க்கிட்டே இருந்துச்சு. கண்டி கண்டின்னு கூப்புடுறான். ரெண்டு தடவ ஏறி ஒக்காந்துட்டு எறங்கினேன்."

"ஏறினவன் ஏன் எறங்கின?"

"வழியில எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அம்மாவோட சேத்து என்னையும் நீதானே தூக்கணும்."

அந்த இடத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், நான் வாய்விட்டு அழுதேன். கடைக்காரர் பயந்து இன்னொரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, "அடன்ன எபா நங்கி" என்றார். அழாதே தங்கச்சி என்று அவரும் சொல்கிறார், நீயும் சொல்கிறாய். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிளேன் மறைந்தது. நீ எழுந்து நின்று கட்டைவிரலைக் காட்டினாய். ஓடிப்போய் பஸ் ஏறினோம்.

கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைத்தது. எச்சில் முழுங்கினேன். நீயும் முழுங்கினாய். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் என் காதுக்குத் தெரிந்த விஷயம், எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வந்து இறங்கிய கையோடு பச்சைக் குழை வெட்டி நீதான் குச்சு கட்டினாய். உன் மருமகள் குச்சுக்குள் இருந்தபடியே, "மாமா, கப்பல்ல நம்ம தேயில இருந்துச்சா?" என்று கேட்டாள். "இருந்திருந்தா மீனெல்லாம் தேத்தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போயிருக்கும்" என்றாய். என் மாமியார்கூடச் சிரித்தார்.

போன வருஷம், கடல் கொந்தளித்துத் தொழில் நின்றிருந்த மாதத்தில், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அம்மாவைப் போலவே. அத்தனை ஆழம் உன்னை ஒன்றும் செய்யவில்லை.

வேனில் உன்னை ஊருக்குக் கொண்டுவந்தோம். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று டிரைவர் வேகமாக ஓட்டினார். கண்டி தாண்டி, நாவலப்பிட்டி தாண்டி, மலை ஏறத் தொடங்கியது. "மெதுவா ஏத்துங்கண்ணே" என்றேன். கினிகத்தேனையில் காது அடைத்ததும் எனக்கு என்ன ஆனதோ, "நிப்பாட்டுங்க. மூணு நிமிஷம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் நான் பிதற்றுகிறேன் என்று என் தோளைப் பிடித்தார். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் நிறுத்தினார்.

துணியை விலக்கி உன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிளேன் இல்லை. மூலையில் மலை வந்திருந்தது. மூன்று நிமிஷம் ஆகும் வரைக்கும் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம், "இப்ப ஏறலாம்ணே" என்றேன். டிரைவர் தன்னிடம் சொன்னதாக நினைத்து வண்டியை எடுத்தார்.

பிள்ளைக் காம்பராவில் என்னை ஆயிரம் கேள்விக்காரி என்பார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட ஏன் லேட்டு, எடுக்க ஏன் லேட்டு, நேற்று ஏன் வரல. இப்போதெல்லாம் ஒரு தாய் வந்து "முடியலைக்கா" என்றால் "சரி, குடு" என்று பிள்ளையைக் கையில் வாங்கிவிடுகிறேன். கேள்வி எங்கேயும் ஓடிப் போய்விடாது. பாதி நேரம் அவர்களே சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிவிடுகிறார்கள்.

வாட்சை அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மகள் விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் கொஞ்சத்தில் எண்ணெய் தீர்ந்து விளக்கு மலையேறிவிடும். மூலையில் உன் மலை அப்படியே இருக்கும்.